ஊதா முத்திரை போட்ட பன்னிக்கறி

1

ரெஜினா, லூர்து, இதை ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். தனித்தனியாகப் படிக்க வேண்டாம்.

எப்போதும் போடும் நீலத் தபால்தாளில் இது அடங்காது. அதனால் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி எழுதுகிறேன். அந்த நீலத்தாளில் "நான் சுகம், அங்கே எல்லாரும் சுகமா, இங்கே பனி ஜாஸ்தி" என்று ஒன்பது வருஷமாக எழுதி எழுதி, அதற்கு மேல் எழுத வராத கையாகிப் போயிற்று என் கை. நம்பர் போட்டு எழுதுகிறேன். நடுவில் ஒரு தாள் தவறினால் உங்களுக்குத் தெரிய வேண்டும். எதையும் விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது.

ரெஜினா, உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்ற வரியை நாலு முறை படித்தேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் நாலு முறை படித்தேன். நீ எழுதினபடியே இங்கே எழுதுகிறேன்.

"ஞானஸ்நானம் அடுத்த மாசம் மூணாம் ஞாயிறு வச்சிக்கீறோம் நைனா. தலைப்பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு வைக்கிறது நம்ம வழக்கம். ஆனா அத்தை வேணவே வேணான்றாங்க. பெத்த புள்ளைக்கு வேகாத கறியப் போட்டு சாவக் குடுத்தவ பேர பச்சக் கொழந்தைக்கு வைக்காதேன்றாங்க. மாமியாரும் அதையே சொல்லிகினு கீறாங்க. எனக்கும் மனசு ஒப்பல. நீயே நல்ல பேரா ஒண்ணு எழுதி அனுப்பு."

அந்தச் செவ்வாய்க்கு மூன்றாம் நாள் உங்கள் அம்மா பிலோமினா செத்த நாள். மூன்று வருஷம் ஆகிறது. நீங்கள் பூசை கொடுத்திருப்பீர்கள். நான் இங்கே பன்னிக்கறி சமைத்தேன்.

ஏன் சமைத்தேன், சமைக்கும்போது என்ன தெரிந்துகொண்டேன் என்பதுதான் இந்த நோட்டு. பேர் எழுதி அனுப்பத்தான் முதலில் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எழுத வேண்டியது பதினைந்து வருஷமாகக் கிடக்கிறது.

2

இங்கே என் பிழைப்பு என்ன என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. நான் எழுதினதும் இல்லை.

கப்பலில் பண்டாரிக்குக் கையாளாக வந்தேன், அதாவது சமையல்காரனுக்கு எடுபிடி. பிறகு கரையிலேயே தங்கிவிட்டேன். துறைமுகத்தை ஒட்டி, கப்பல்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்று இருக்கிறது. அதன் சமையல்கட்டில் வேலை. காலை ஐந்து மணிக்கு அடுப்பு. உருளைக்கிழங்கு உரித்து உரித்து என் கட்டைவிரல் தோல் செருப்புத்தோலாகிவிட்டது. நிலக்கரிப் புகை, தார், மீன் நாற்றம், ஊதல் சத்தம் எல்லாம் நம்ம ராயபுரம் மாதிரியேதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் கல்மண்டபத்து ரோட்டில் நிற்கிறேன் என்று தோன்றும். குளிர் அடித்ததும் இல்லை என்று தெரிந்துவிடும்.

இந்த ஊரில் என் பேர் மிக்கேல் இல்லை. வந்த புதிதில் ஒரு ஆபீசில் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். குடும்பப் பேர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பேர்? அப்பா பேர் சவரிமுத்து என்றேன். அதையே எழுதிக்கொண்டான். அன்று முதல் எல்லாரும் என்னை உங்கள் தாத்தா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதுவும் முழுசாக வராமல் "சாவரி, சாவரி" என்பார்கள். செத்துப்போன என் அப்பாவை யாரோ அடுப்படிக்குக் கூப்பிட்டு உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்வதுபோல இருக்கும்.

அதே பாரத்தில் இன்னொரு கட்டம். பிள்ளைகள் எத்தனை? ரெண்டு என்றேன். அந்த ஆள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இறந்த பிள்ளை உண்டா?" என்று கேட்டான். நான் இல்லை என்றேன்.

இங்கிலீஷ் புரியாமல் சொல்லிவிட்டேன் என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகப் புரிந்தது.

லூர்து, நீ போன மழைக்காலத்தில் இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டாயே, கான்வென்ட்டில் எழுதச் சொன்னார்கள் என்று. அதில் நாலு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரியிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். கோபம் இல்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் ராயபுரத்திலிருந்து வந்த கடிதம் மாதிரி இல்லை. இங்கேயே பக்கத்துத் தெருவில் இருக்கிற யாரோ ஒரு பெண் போட்டது மாதிரி இருந்தது. இந்த நோட்டு முழுக்கத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குத் தடுமாறினால் அக்காவைக் கேள்.

நான் சொன்ன வெள்ளைக்காரி பேர் நோரா. எங்கள் அடுப்படிக்குத் தலைவி. அறுபதை நெருங்குகிற விதவை. புருஷன் சண்டையில் கப்பலோடு போனவன். எல்லாரையும் "லவ்" என்று கூப்பிடுவாள். முதல் தரம் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பால்காரனையும் தபால்காரனையும் அப்படியேதான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. அவள் பேசுவது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நம்ம மீன் ஏலத்தில் பேசுகிற பொம்பளைகள் பேசுவது போலவே இருக்கும். அதனால் அவள் சொன்னதை நம்ம பேச்சிலேயே எழுதுகிறேன்.

3

அன்று நான் சோறு சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து நோரா விஷயத்தைக் கேட்டாள். பெண்சாதி செத்த நாள் என்றேன்.

"அப்பிடியா? அவ கையால நீ ஆசையா துன்னது இன்னா?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பன்னிக்கறி என்று. உங்கள் அம்மா புளித்த காடியும் பூண்டும் மிளகாயும் அரைத்துப் போட்டு, கிறிஸ்மஸுக்குச் செய்வாளே, அது. ரெஜினாவுக்கு அதன் ருசி நினைவிருக்குமோ என்னமோ. லூர்து, உன் நாக்கில் அது பட்டதே இல்லை. நீ பிறப்பதற்கு முன்பே நம் வீட்டில் அது நின்றுவிட்டது.

"அப்ப செய்யி. ஐஸ் ரூம்ல ஒரு துண்டு கீது, எடுத்துக்கோ. என் குக்கரைத் தரேன். அரை மணி நேரத்துல வெந்துடும்."

குக்கர் என்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கனமான அலுமினியப் பாத்திரம். மூடியைத் திருகினால் ஆவி வெளியே போக வழியில்லை. மூடியின் உச்சியில் ஒரு குண்டு. உள்ளே ஆவி முட்டினதும் அந்தக் குண்டைத் தூக்கிக்கொண்டு பாம்பு மாதிரி சீறும். பிரஷர் குக்கர் என்பார்கள். மூன்று மணி நேரம் வேக வேண்டிய கறி அதில் அரை மணியில் பஞ்சாகிவிடும். எலும்புகூட மெத்தென்று ஆகும்.

முதல் தரம் நோராவிடம் அதைப் பார்த்தபோது ரெண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அவள் நான் பயந்துவிட்டேன் என்று சிரித்தாள். பயம் இல்லை. இந்தப் பாத்திரம் மட்டும் அன்றைக்கு நம் வீட்டில் இருந்திருந்தால் என் மகன் அந்தோணி பிழைத்திருப்பான் என்று நினைத்தேன். நாலு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு ஒரு வசதியாக இருந்தது. பாத்திரம் இல்லாததுதான் குற்றம். வேகாததுதான் குற்றம். வேகவைத்தது யார்? பிலோமினா. என் பேர் அதில் எங்கேயும் வராது.

ஐஸ் ரூமுக்குப் போய்த் துண்டை எடுத்து வந்தேன். கல் மாதிரி இருந்தது. மேஜையில் வைத்தால் டக்கென்று சத்தம். அப்படியே குக்கருக்குள் வைக்கப் போனேன். நோரா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏய் சாவரி! ஐஸோட போட்டா மேல வெந்து உள்ள கல்லாவே நிக்கும்யா. மொதல்ல ஐஸ் கரைஞ்சி வுடட்டும். ஐஸ் வுட்டப்புறம் அன்னிக்கே ஆக்கிடணும். மறுபடி ஐஸ்ல வைக்கிறது, எடுக்கிறது, அந்தக் கதையெல்லாம் இங்க ஆவாது."

சுவரில் அந்தச் சட்டம் எழுதித் தொங்குகிறது. தினம் அதற்குக் கீழே நின்றுதான் கை கழுவுகிறேன். அன்றைக்குத்தான் வாய்விட்டுப் படித்தேன். ஒருமுறை ஐஸ் விட்ட கறியை மறுபடி உறைய வைக்காதே. வைத்தது தெரிந்தால் கொட்டிவிடு.

கறி ஐஸ் விடுகிறவரை நான் அந்த மேஜை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

4

சண்டைக்காலத்தில் ஊர் காலியானது ரெஜினாவுக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். ரெஜினா, அப்போது உனக்கு ஆறு வயசு. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நம்ம வரிசையில் பதினோரு வீடு. அதில் எட்டு வீட்டில் பூட்டு. கடைகள் மூடிக்கிடந்தன. பயந்துபோய் யாரும் கட்டுமரத்தைக் கடலில் இறக்கவில்லை. ராயபுரத்தில் மீன் இல்லாத நாளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அரிசி கொஞ்சம் இருந்தது. தினம் கஞ்சியும் ஊறுகாயும்தான். அந்தோணிக்கு மூன்று வயசு. கஞ்சியைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிட்டு, "நைனா, கறி" என்பான். மீனைச் சொல்கிறானா கறியைச் சொல்கிறானா என்று அவனுக்கே தெரியாது. சோற்றில் வைக்கிற எதுவும் அவனுக்குக் கறிதான்.

நான் ஓட முடியாது. எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல்களுக்குக் கறி வைக்கிற ஐஸ் கிடங்கு. கையில் கோணி சுற்றிக்கொண்டு, உறைந்த கறியைத் தூக்கி அடுக்குகிற வேலை. உங்கள் அம்மா என்னை விட்டுப் போக மாட்டேன் என்று இருந்துவிட்டாள். அவள் வயிற்றில் லூர்து நாலு மாசம்.

கிடங்கு மிஷினைப் பார்த்துக்கொள்கிற ஆளும் குடும்பத்தோடு அரக்கோணம் பக்கம் ஓடிவிட்டான். ரெண்டு நாள் மிஷின் ஓடவில்லை. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்தது. மூன்றாம் நாள் வேறு ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு வந்து ஓட்டினார்கள். எல்லாம் மறுபடி கல்லாயிற்று. அப்புறம் கறியைச் சோதிக்கிற துரை வந்தான். ஒன்றிரண்டைக் கத்தியால் குத்தி மோந்து பார்த்தான். ஊதா மையில் பெருக்கல் போட்ட முத்திரையை எடுத்து, வரிசையாகக் குத்திக்கொண்டே போனான். ஊதா முத்திரை விழுந்தால் மனுஷன் தின்னக் கூடாது. லாரியில் ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும்.

எங்களுக்கு வயிறு எரிந்தது. கூட வேலை செய்த சின்னப்பன் என்கிறவன் சொன்னான், "தொரைக்கு மூக்கு ஜாஸ்தி மாமு. கல்லு மாரி கீது கறி. இதப் போயி கடல்ல கொட்டச் சொல்றான் பாரு." இதற்கு முன்னால் நல்ல மாவையும் பிஸ்கோத்தையும் கொட்டச் சொன்னதை நாங்கள் பார்த்தவர்கள்தான். ராயபுரத்துக்காரன் கண்ணுக்கு ஒரே கணக்கு. மீனை எடுத்தால் விறைப்பாக இருக்கிறதா என்று பார்ப்பான். விறைத்திருந்தால் புதுசு. துவண்டால் பழசு. இந்தக் கறியோ தட்டினால் சத்தம் வருகிறது. இதைவிட விறைப்பு என்ன வேண்டும்?

ஒரு தொடையைக் கோணிக்குள் போட்டு, தெரியாமல் இருக்கக் கரித்தூளைத் தூவி எடுத்து வந்தேன். கேட்டில் காவல்காரனும் இல்லை. ஐஸ் உருகி முதுகெல்லாம் வழிந்தது. வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரம், முத்திரை இருந்த தோலைக் கத்தியால் சீவி எறிந்தேன்.

திருட்டு என்று தெரியும். முத்திரையைச் சீவினதும் தெரிந்துதான். அது விஷம் என்று மட்டும் தெரியாது. இதைக் குற்றம் குறைய வேண்டும் என்று எழுதவில்லை. நடந்தது அப்படி.

5

உங்கள் அம்மா கோணியைப் பிரித்தாள். அவள் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது.

"ஏதுய்யா இது?"

"தொரை குடுத்தாரு. ஆளு இல்லாத நேரத்துல வேலைக்கு வந்தோம்ல, அதுக்கு."

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மீன்காரி மகள், எதை எடுத்தாலும் கட்டைவிரல்தான் முதலில் போகும். "நல்லா விறைப்பாதான் கீது," என்றாள். அப்புறம் குனிந்து மோந்தாள். மோந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாயா, வாடை ஒரு மாரி கீதே."

"உனுக்கு மசக்கைடி. ஒரு வாரமா தாளிக்கிற வாடையே ஆவல உனுக்கு."

"அதில்லய்யா. இது வேற மாரி…"

"ஐஸ்ல இருந்தா அப்டித்தான் வாடை வரும். பத்து வருஷமா நான் அதுலதான கீறேன்? நீ எனுக்குச் சொல்றியா?"

அவள் கறியைத் திருப்பினாள். நான் தோலைச் சீவின இடத்தில், கொழுப்பில் கொஞ்சம் ஊதா இறங்கியிருந்தது.

"இது இன்னா ஊதாவா கீது?"

"கணக்குக்குப் போடற மை."

மூன்று முறை கேட்டாள். மூன்றுக்கும் பதில் சொன்னேன். மூன்றும் பொய்.

ரெஜினா, இப்போது எழுதப்போவதை நீ ரெண்டு முறை படி. உங்கள் அம்மா அதை ஐஸோடு அடுப்பில் வைக்கவில்லை. முறத்தில் வைத்து ஐஸ் விடும்வரை பொறுத்தாள். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினாள். மஞ்சளும் காடியும் போட்டு ரெண்டு தரம் கழுவினாள். மத்தியானம் அடுப்பில் ஏற்றினது, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இறங்கினது. நடுவில் அந்தோணி, "கறி, கறி" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தபடியே இருந்தான். "இர்றா ராசா, வேவட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் பசியில் அதட்டினேன். அப்போதும் இறக்கவில்லை. துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்து, நார் நாராகப் பிரிந்த பிறகுதான் இறக்கினாள்.

அது வேகாத கறி இல்லை. பிலோமினா ஒரு நாளும் வேகாததைப் போட்டவள் இல்லை.

நான் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டாய். அந்தோணி ரெண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அவள் மட்டும் வாயில் வைக்கவில்லை. வாடை ஆகவில்லை என்று கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

6

விடிவதற்குள் மூன்று பேருக்கும் வாந்தி, பேதி. நான் தாங்கிக்கொண்டேன். நீயும் நாலு நாள் கிடந்து எழுந்தாய். ஊரில் டாக்டர் இல்லை. கம்பவுண்டர் ஒருத்தர் மட்டும் இருந்தார். அவர் கலக்கிக் கொடுத்த மருந்து அந்தோணி வயிற்றில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவன் போய்விட்டான். கடைசி வரை அவனை மடியைவிட்டு இறக்கவில்லை உங்கள் அம்மா.

திருவொற்றியூரிலிருந்து உங்கள் அத்தை சூசையம்மா நடந்தே வந்தாள். வந்தவள் அழுதுவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாடி ஆக்கிப் போட்ட?"

"பன்னிக்கறி அண்ணி. தொரை குடுத்தாருன்னு அவரு எடுத்தாந்தாரு. ஐஸ்ல இருந்தது."

"ஐஸ்கறியா? அது உள்ள வெந்திருக்காதேடி பாவி! நீ துன்னியா?"

"இல்ல அண்ணி. எனுக்கு வாடை ஆவல."

"ஓகோ! உனுக்கு ஆவல, எம் புள்ளைக்குப் போட்டியா? தான் துன்னாம புள்ளைக்குப் போட்டிருக்கா பாருங்க!"

வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அத்தை என் பக்கம் திரும்பினாள். "டேய் மிக்கேலு, நீ சொல்லுடா. வெந்துச்சா, வேவலயா?"

அதற்கு முந்தின வாரம்தான் துறைமுகத்தில் பால் டப்பா எடுத்த ஒருத்தனை விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். சண்டைக்காலத்தில் அது சாதாரணக் களவு இல்லை. நான் முத்திரையைப் பற்றி வாய் திறந்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரே நொடிதான்.

"பசிக்குதுன்னு அவசரப்பட்டு எறக்கிட்டா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தை ஊரே பார்த்துக்கொண்டது.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். "அப்படியா?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. சீக்கிரம் இறக்கிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். இல்லை, ஊதா மையை நினைத்துக்கொண்டுதான் பார்த்தாளோ. எனக்கு இன்றைக்கும் தெரியாது. லூர்துக்குப் பத்து வயசானபோது ஒரே ஒரு முறை ஊருக்கு வந்தேனே, கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். இருபது நாள் இருந்தும் கேட்கவில்லை. அதற்குள் அவள் இளைத்துப் போயிருந்தாள். எதையும் அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன்னால், "வெந்துச்சா பாரு" என்று லூர்துவைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். சோற்றைக்கூட.

அதைப் பார்த்துவிட்டும் நான் கப்பல் ஏறினேன்.

7

மறுபடி இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். கறி ஐஸ் விட்டது. நறுக்கி, காடியும் பூண்டும் போட்டு, குக்கரில் வைத்துத் திருகினேன். காடி நம்ம ஊர்க் காடி இல்லை. மிளகாய் ஒரு கப்பல்காரன் கொடுத்தது. குண்டு சீற ஆரம்பித்தது. நோரா எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுவிட்டேன்.

"நோரா, கெட்டுப்போன கறி. ஐஸ் வுட்டு மறுபடி ஒறைஞ்ச கறி. அத இந்தக் குக்கர்ல போட்டு ஒரு மணி நேரம் வேவ வச்சா, சரியாயிடுமா?"

"ஆவாது."

"ரெண்டு மணி நேரம்?"

"ஆவாதுய்யா. நாள் பூரா வச்சாலும் ஆவாது. பூச்சி செத்துடும். அது கக்கி வச்ச வெஷம் சாவாது. கெட்டது கெட்டதுதான். வெந்தா கெட்டுப்போன கறி வெந்திருக்கும், அவ்ளோதான்."

"அப்ப சமைச்சவங்க மேல தப்பு இல்ல."

"சமைச்சவ மேல இன்னா தப்பு? கெட்டதுன்னு தெரிஞ்சி கொண்டாந்து குடுத்தவன் மேலதான் தப்பு." அப்புறம் என் முகத்தைப் பார்த்து டீயைக் கீழே வைத்தாள். "இன்னாச்சு லவ்? எதுக்குக் கேக்கற?"

ஒன்றுமில்லை என்றேன். இந்த ஊரிலும் உண்மையை மறைத்துவிட்டேன்.

குக்கர் சீறிக்கொண்டே இருந்தது. நாலு வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நூல் அது ஒன்றுதான். இந்தப் பாத்திரம் இருந்திருந்தால், நன்றாக வெந்திருந்தால் என்பது. அதுவும் அறுந்துவிட்டது. எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தாலும், எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும், நான் கோணியில் தூக்கி வந்தபோதே அந்தோணி செத்தாயிற்று. மூக்கு வைத்து மோந்து சொன்னவள் ஒருத்தி. அவளை மசக்கை என்று அடக்கிவிட்டேன்.

மூடியைத் திறந்தேன். கறி பஞ்சாக இருந்தது. விடுதிக்காரர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். நோரா ஒரு துண்டை என் தட்டில் வைத்து, "உன் பொண்டாட்டி பேரைச் சொல்லி துன்னு" என்றாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு பன்னிக்கறி வாயில் வைத்தேன். ருசியாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

8

மறுநாள் அந்த ஆபீசுக்குப் போனேன். பாரத்தில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். கண்ணாடி போட்ட பெண் என் காகிதத்தைத் தேடி எடுத்தாள்.

"என்ன தப்பு?"

"பிள்ளைகள் ரெண்டு இல்லை. மூன்று. ஒன்று செத்துப்போயிற்று."

"எப்போது?"

சொன்னேன். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அது நீங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால். இப்போது அதைச் சேர்ப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, ஐயா. அப்படியே இருக்கட்டும்," என்று மரியாதையாகச் சொல்லிக் காகிதத்தை மூடிவிட்டாள். பின்னால் வரிசை நின்றது. வந்துவிட்டேன்.

அங்கே திருத்த முடியவில்லை. அதனால் இங்கே திருத்துகிறேன். எனக்குப் பிள்ளைகள் மூன்று. ரெஜினா, அந்தோணி, லூர்து. நடுப்பிள்ளை என் கையால் செத்தான். உங்கள் அம்மா கையால் இல்லை.

அத்தையைத் திட்டாதீர்கள். அம்மா போன பிறகு லூர்துக்குச் சோறு போடுகிறவள் அவள்தான். அவள் பொய் சொன்னவள் இல்லை. என் பொய்யை நம்பினவள். என்னை என்ன செய்ய வேண்டுமோ அதை நீங்கள் ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்கள். கடிதம் போடாமல் இருந்தாலும் சரி. நீலத்தாள் வராத மாசம் எனக்குக் காரணம் தெரியும்.

ரெஜினா, பேர் எழுதி அனுப்பச் சொன்னாய். புதுப் பேர் ஒன்றும் என்னிடம் இல்லை. பிலோமினா என்ற பேர்தான் இருக்கிறது. வைக்கச் சொல்லி உனக்கு உத்தரவு போட எனக்கு வாயில்லை. பிள்ளை உன்னுடையது. ஆனால் அந்தப் பேரை நீ வேண்டாம் என்று விட்டாலும், அதன் மேல் என்னால் விழுந்த பழிக்காக விடாதே.

இந்த நோட்டு உங்கள் கைக்கு வர பத்து நாளாவது ஆகும். மூணாம் ஞாயிறுக்கு முன்னால் வந்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். வந்த அன்றைக்கே அத்தையை உட்கார வை. மாமியாரையும் கூப்பிடு. வாசலில் அன்றைக்கு நின்றவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் வந்தாலும் வரட்டும். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நீ சத்தமாகப் படி. நான் சீவி எறிந்த முத்திரை வருகிற இடத்திலும், அத்தை என்னைக் கேட்டதற்கு நான் சொன்ன பதில் வருகிற இடத்திலும், நைனா ஆச்சே என்று குரலைக் குறைக்காதே.